ஹன்யாவில் ஐந்து நாள்: காற்றைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்

கேள்வி இது: செப்டம்பர் கடைசி வாரம், கிரீஸின் கிரீட் தீவில் ஹன்யா நகரில் ஐந்து நாள். கணவன், மனைவி, அறுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இருவர் சைவம். கார் எடுக்காமல் சமாரியா பள்ளத்தாக்கு, பாலோஸ், எலஃபோனிசி என்ற இரண்டு கடற்கரைகள், இந்த மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

கார் இல்லாமல் முடியும். ஆனால் மூன்றையும் ஐந்து நாளில் அடைத்தால் பாதி நேரம் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் கிரீட்டைப் பார்ப்பீர்கள். சமாரியாவை வைத்துக்கொள்ளுங்கள். பாலோஸ், எலஃபோனிசி இரண்டில் ஒன்றை விடுங்கள். அதைவிட முக்கியம், "திங்கள் இது, செவ்வாய் அது" என்று ஊரிலிருந்தே எழுதி எடுத்துக்கொண்டு வராதீர்கள். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, இந்த இரண்டும்தான் ஹன்யாவில் ஒரு நாளைத் தீர்மானிக்கின்றன.

ஏன் என்று புரிய நில அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹன்யா தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. நகருக்குத் தெற்கே லெஃப்கா ஓரி என்ற வெள்ளை மலைகள் சுவர்போல எழுகின்றன. அவற்றின் உயர்ந்த சிகரம் பாக்னெஸ், 2,453 மீட்டர். மலைக்கு அந்தப் பக்கம் லிபியக் கடல். வடகரையில் நெடுஞ்சாலை இருக்கிறது, ரெதிம்னோ 60 கிலோமீட்டர், ஹெராக்லியோன் 140 கிலோமீட்டர், பேருந்துகள் அடிக்கடி. தென்கரையிலோ பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது, படகுதான். வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரத்தில் தெரியும் ஹோரா ஸ்ஃபாகியோனுக்குச் சாலை வழியாக 70 கிலோமீட்டருக்கு மேல். மலை ஏறி இறங்கிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும்.

காற்றுக்கு வருவோம். கோடையில் இங்கே அடிப்பது மெல்டெமி, வடக்கு அல்லது வடமேற்குக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் உச்சம், செப்டம்பர் கடைசியில் தணிந்திருக்கும், ஆனாலும் இடையிடையே இரண்டு மூன்று நாள் வீசும். அது வீசும்போது வடக்கு, மேற்குக் கரைகளில் அலை எழும், பாலோஸ் படகு ஓடாது, அங்கே மணல் முகத்தில் அறையும். அதே நாளில் மலையின் மறைவில் இருக்கும் தென்கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தெற்குக் காற்று வந்தால் கதை தலைகீழ்: தென்கரைப் படகுகள் தடுமாறும், வடகரையில் கடல் குளம்போலக் கிடக்கும். ஆகவே தினமும் இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். திசையோடு காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவையும் பாருங்கள். வடமேற்கிலிருந்து 5 போஃபோர்ட் என்றால் அன்று பாலோஸை மறந்துவிடலாம்.

துறைமுகம் ஒன்றல்ல, இரண்டு

அஞ்சல் அட்டைகளில் கலங்கரை விளக்கத்தோடு காணும் பழைய துறைமுகத்துக்கு ஏதென்ஸ் கப்பல் வராது. அது வடக்கு நோக்கித் திறந்த, ஆழம் குறைந்த துறைமுகம். தீவை முன்பு ஆண்ட வெனிஸ்காரர்கள் காலத்திலேயே வண்டல் படிவதும் வடக்கு அலை உள்ளே புகுவதும் தீராத தொல்லை. இன்றைய கப்பல்கள் கிழக்கே சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி சூடா விரிகுடாவில் நிற்கின்றன. மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் அது ஒன்று, கடற்படைத் தளமும் அங்கேதான். தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், தடை உண்டு.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் கிளம்பும் கப்பல் விடியற்காலை ஆறு மணியை ஒட்டி சூடாவில் சேர்க்கும். அம்மாவோடு வருவதால் கேபின் எடுங்கள். வெறும் இருக்கை டிக்கெட்டில் வந்தால் முதல் நாள் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் போய்விடும். துறைமுக வாசலிலிருந்தே ஹன்யாவுக்கு நகரப் பேருந்து இருக்கிறது. விமானத்தில் வந்தால் ஏதென்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விமான நிலையம் அக்ரோதிரி தீபகற்பத்தில், நகரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர்.

தங்குவதற்குப் பழைய நகரம் அழகுதான், ஆனால் முன்பதிவு செய்யுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறை எத்தனையாவது மாடி, வாசல்வரை டாக்ஸி வருமா? வெனிஸ் காலத்து வீடுகளில் லிஃப்ட் அபூர்வம், மரப்படிகள் செங்குத்து, சந்துகளில் வண்டி நுழையாது. மூட்டுவலிக்காரருக்கு அது தினமும் ஒரு தண்டனை. பழைய நகரத்தின் எல்லையை ஒட்டி, கிடோனியாஸ் தெருவில் இருக்கும் வெளியூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் அறை கிடைத்தால் அதை எடுங்கள். காலை ஆறு, ஏழு மணிப் பேருந்துகளைப் பிடிக்க வேண்டியிருக்கும்போது அதன் அருமை தெரியும். இந்த வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பெயர் கேடெல். ஊருக்குள் ஓடும் நகரப் பேருந்துகள் வேறு நிர்வாகம், வேறு டிக்கெட், அவை 1866 சதுக்கத்தை ஒட்டிய நிறுத்தங்களிலிருந்து புறப்படுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான இடத்தில் காத்திருப்பவர்கள் தினமும் உண்டு.

நகரத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தால் போதும். கலங்கரை விளக்கம் வெனிஸ்காரர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. 1830களில் எகிப்தியர் ஆட்சியில் திருப்பிக் கட்டப்பட்டதால்தான் மினார் போன்ற இன்றைய உருவம். துறைமுகத்தின் மேற்குப் பக்கம் நின்று பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் அலைதடுப்புச் சுவர் தொடங்குவது கிழக்கு முனையில். அங்கிருந்து சுவரின் மேலேயே நடந்தால் போக அரை மணி நேரம். வழியில் நிழல் இல்லை, கைப்பிடி இல்லை, கல் சில இடங்களில் வழுக்கும், அலை எழும் நாளில் சுவரைத் தாண்டித் தண்ணீர் வரும். போகும் வழியில் வெனிஸ் காலத்துக் கப்பல் கட்டும் கூடங்கள், நெயோரியா. ஒரு காலத்தில் பதினேழு இருந்தன, இன்று ஏழு வரிசையாக நிற்கின்றன. மேற்கு முனையில் ஃபிர்காஸ் கோட்டை. 1913 டிசம்பர் 1 அன்று கிரீட் கிரீஸோடு இணைந்ததன் அடையாளமாகக் கொடி ஏற்றியது அங்கேதான். தொல்லியல் அருங்காட்சியகம் 2022இல் ஹலேபா பகுதியின் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி ஹலிடோன் தெருவில் தேடாதீர்கள். மாலையில் அம்மாவுக்குக் கால் நனைக்க வேண்டுமென்றால் நேயா ஹோரா கடற்கரை, பழைய துறைமுகத்திலிருந்து மேற்கே பதினைந்து நிமிடச் சமதள நடை.

சமாரியா

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பள்ளத்தாக்கு நடை" என்று கேட்டதும் பலர் பூங்காவில் உலாவுவதாக நினைத்து வருகிறார்கள். நடக்க வேண்டிய தூரம் 16 கிலோமீட்டர். அதில் 13 தேசியப் பூங்காவுக்குள், மீதி 3 பூங்கா வாசலிலிருந்து அகியா ரூமெலி என்ற கடற்கரை ஊர் வரை. தொடங்குமிடம் க்ஸிலோஸ்கலோ, ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரம். முடியுமிடம் கடல் மட்டம். சாதாரணமாக 5 முதல் 7 மணி நேரம். நடுவில் வெளியேறும் வழி கிடையாது. பாதியில் கால் மடங்கினால் காவலர்கள் கோவேறு கழுதையில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள்.

1962இல் இது தேசியப் பூங்காவானபோது உள்ளே இருந்த சமாரியா கிராம மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிராமம் ஏறக்குறையப் பாதி வழியில், ஏழாவது கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. சாப்பிட்டு இளைப்பாற அதுதான் சரியான இடம். கிரி-கிரி என்ற கிரீட் காட்டாட்டைக் காப்பதும் பூங்கா அமைத்ததற்கு ஒரு காரணம். இளைப்பாறும் இடங்களில் அவை பயமில்லாமல் பக்கத்தில் வரும், பையை முகரும். எதுவும் கொடுக்காதீர்கள்.

பூங்கா வழக்கமாக மே 1 முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். மழை வந்தால் மூடுவார்கள், கடும் வெப்ப அலையிலும் மூடுவார்கள். மழைக்கு மூடுவது வெறும் எச்சரிக்கை உணர்வால் அல்ல. சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் தண்ணீர் எல்லாம் இந்த ஒரே பிளவுக்குள் வந்து விழுகிறது, ஓடை சில மணி நேரத்தில் ஆறாகிவிடும், மேலிருந்து கல்லும் உருளும். வெயில் நாளிலும் சில பகுதிகளில் "நிற்காமல் வேகமாகக் கடக்கவும்" என்று பலகை வைத்திருப்பார்கள். அந்த இடங்களில் நின்று படம் எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். செப்டம்பர் கடைசியில் முதல் மழை வர வாய்ப்புண்டு. முந்தின நாள் மாலை திறப்பா, மூடலா என்று விசாரித்த பிறகே பேருந்துச் சீட்டு வாங்குங்கள்.

அன்றைய நாள் இப்படிப் போகும். விடியற்காலைப் பேருந்தில் ஓமலோஸ் சமவெளி வழியாக க்ஸிலோஸ்கலோ, சுமார் ஒரு மணி நேரம், வளைவுகள் அதிகம். வாந்தி வரும் உடம்பு என்றால் முன்னிருக்கையில் உட்காருங்கள். காலையில் அங்கே குளிரும், மெல்லிய ஸ்வெட்டர் தேவை, அரை மணி நேரத்தில் அதைக் கழற்றிவிடுவீர்கள். வாசலில் வாங்கும் நுழைவுச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கீழே வெளியேறும்போது அதைக் கேட்பார்கள். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கணக்குப் பார்க்கும் வழி அது.

முதல் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் முழங்காலுக்குச் சோதனை. ஏறக்குறைய 600 மீட்டர் இறக்கம், வளைந்து வளைந்து, கல்லும் கட்டையும் பதித்த படிகள். உற்சாகத்தில் எல்லோரும் இங்கே தடதடவென்று இறங்குவார்கள். அதன் விலை இரண்டாம் நாள் காலையில், கெண்டைக்காலும் தொடையும் இறுகி, மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கும்போது தெரியும். சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடித்தபடி இறங்குங்கள். இரண்டு ட்ரெக்கிங் கம்பு இருந்தால் முழங்கால் மேல் விழும் சுமை கண்கூடாகக் குறையும். காலணி கணுக்காலைப் பிடிக்கும் ரகமாக, ஏற்கெனவே பழகியதாக இருக்கட்டும். நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் இறக்கம் முழுக்க விரல் நுனி முன்னால் போய் இடித்து, பெருவிரல் நகம் கறுத்துப்போகும். இங்கே அடிக்கடி நேரும் காயம் அது. கால் நகத்தை முன்கூட்டியே ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள். செருப்பிலும் சாண்டலிலும் வருபவர்கள் நடுவழியில் காவலரைத் தேடுவார்கள்.

தண்ணீருக்குக் கவலை வேண்டாம். இளைப்பாறும் இடங்களில் ஊற்றுநீர்க் குழாய் இருக்கிறது, ஆளுக்கு ஒரு லிட்டர் புட்டி எடுத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டே போகலாம். ஆனால் கிராமத்துக்குப் பிறகு பாதை ஓடைப் படுகையில் உருளைக் கற்களின் மேல் போகிறது, நிழல் குறைகிறது, கடைசி மூன்று கிலோமீட்டர் சுத்தமாக வெயில். அங்கே தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாது. சாப்பாடு முழுவதும் நீங்களே கொண்டுபோக வேண்டும், பூங்காவுக்குள் கடை கிடையாது. பருப்பும் பழமும் போதும் என்று நினைக்காதீர்கள், உப்புள்ள ஏதாவது வேண்டும். ஆலிவ், சீஸ், ரொட்டி நல்ல சேர்க்கை. ஓடையில் குளிக்க, தீ மூட்ட, இரவு தங்க அனுமதியில்லை.

பதினோராவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வருவது போர்ட்டெஸ், "இரும்புக் கதவுகள்" என்று பிரபலமான இடம். இரு பக்கமும் ஏறத்தாழ 300 மீட்டர் சுவர், நடுவில் மூன்று நான்கு மீட்டர் இடைவெளி. பத்தரை, பதினொரு மணிக்குள் இங்கே வருபவருக்குக் கூட்டம் குறைவு. அதற்கு முதல் பேருந்தில் வந்திருக்க வேண்டும்.

கீழே அகியா ரூமெலியில் சாலை இல்லை. மாலை ஐந்தரை மணியை ஒட்டிய படகுதான் வீடு திரும்பும் வழி. ஒன்று மேற்கே சூயாவுக்கு, ஒன்று கிழக்கே ஹோரா ஸ்ஃபாகியோனுக்கு. இரண்டு இடத்திலும் ஹன்யா பேருந்து படகுக்காகக் காத்திருக்கும். பேருந்துச் சீட்டை காலையிலேயே இருவழிக்கும் வாங்குங்கள், எந்த ஊர் வழியாகத் திரும்புகிறீர்கள் என்பதை அதிலேயே குறித்திருப்பார்கள். தப்பான படகில் ஏறினால் சீட்டு வீண், பேருந்தில் இடமும் நிச்சயமில்லை. படகுச் சீட்டைக் கீழே வந்து சேர்ந்த உடனே, குளிக்கப் போகுமுன் வாங்கிவிடுங்கள். கடற்கரை கருங்கூழாங்கல், மதியத்தில் தகிக்கும், செருப்போடு தண்ணீர்வரை போங்கள். படகைத் தவறவிட்டால் உலகம் முடிந்துவிடாது, ஊரில் தங்கும் அறைகள் இருக்கின்றன. சொல்லப்போனால் வேண்டுமென்றே ஒரு இரவு அங்கே தங்குவதை விரும்பிச் செய்பவர்கள் நிறைய. ஆறு மணிக்கு மேல் கூட்டம் மொத்தமும் படகேறிப் போன பிறகு ஊர் வேறு ஊராகிவிடும்.

அம்மா இதை நடக்கக் கூடாது. "மெதுவாக நடந்தால் முடியும்" என்று அவர் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். இறக்கம்தான் மூட்டுக்கு எதிரி, அது முதல் மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது, திரும்பி ஏறுவது அதைவிடக் கொடுமை. அவருக்கு வேறு வழி இருக்கிறது: காலைப் பேருந்தில் ஹோரா ஸ்ஃபாகியோன், அங்கிருந்து ஒரு மணி நேரப் படகில் அகியா ரூமெலி. முடிந்தால் கீழிருந்து போர்ட்டெஸ் வரை போய்த் திரும்பலாம், போக நான்கைந்து கிலோமீட்டர், மெதுவான ஏற்றம். முடியாவிட்டால் உணவகத்தில் நிழலில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கலாம். படகுப் பயணமே ஒரு காட்சி: வழியில் லூட்ரோ, மலைக்கும் கடலுக்கும் நடுவில் சாலையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை ஊர்.

நீங்களும் சமாரியா வேண்டாம் என்று நினைத்தாலோ, பூங்கா மூடியிருந்தாலோ, இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. 8 கிலோமீட்டர், இரண்டரை மூன்று மணி நேரம், மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கையையும் விரித்தால் இரு பாறையையும் தொடலாம். ஹோரா ஸ்ஃபாகியோன் பேருந்தே இம்ப்ரோஸ் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் மழை நாளில் இதையும் நடக்கக் கூடாது, காரணம் அதேதான்.

மேற்குக் கரையில் எதை எடுப்பது

பாலோஸ் என்பது கிராம்வூசா தீபகற்பத்தின் நுனியில் வெள்ளை மணலும் ஆழமில்லாத காயலும். ஹன்யாவிலிருந்து பேருந்தில் கிஸாமோஸ் துறைமுகம், நாற்பது கிலோமீட்டரை ஒட்டி, பிறகு படகு. படகு இமெரி கிராம்வூசா தீவிலும் நிற்கும். அங்கே 137 மீட்டர் உயரத்தில் வெனிஸ்காரர்கள் 1579இல் கட்டத் தொடங்கிய கோட்டை. ஏறும் பாதை கரடுமுரடு, அம்மா கீழேயே இருக்கலாம். காரில் போனால் கலிவியானி ஊருக்குப் பிறகு சுமார் 8 கிலோமீட்டர் மண்பாதை, அதன்பின் வண்டியை நிறுத்திவிட்டு இருபது முப்பது நிமிடம் இறங்கி, திரும்பும்போது வெயிலில் அதையே ஏற வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் மண்பாதையில் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் வரும் சேதத்துக்குக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது, அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து டயரைக் கிழித்துக்கொள்வது வாடிக்கை. படகில் உள்ள குறை, எல்லாப் பயணிகளும் நண்பகலில் ஒரே நேரத்தில் வந்து இறங்குவது. நிழலும் கழிப்பறையும் மிகக் குறைவு.

எலஃபோனிசி தென்மேற்கு மூலையில், 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பேருந்து காலையில் போய் மாலையில் திரும்பும், அதைத் தவறவிட்டால் டாக்ஸிக்கு அழ வேண்டும். மணலின் இளஞ்சிவப்புக்குக் காரணம் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் நொறுங்கிய ஓடுகள். எல்லா இடத்திலும் சிவப்பாக இருக்காது, அலை விட்டுப்போகும் ஓரத்தில் கோடாகத் தெரியும், விளம்பரப் படங்கள் நிறத்தைக் கூட்டியவை. மணலை எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பகுதி. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தே எதிரிலுள்ள தீவுக்குப் போய்விடலாம், ஆகவே நீச்சல் தெரியாதவருக்கும் வயதானவருக்கும் பாலோஸைவிட இது ஒத்துவரும். போகும் வழியில் டோபோலியா பள்ளத்தாக்கில் ஒற்றை வழிச் சுரங்கம், விளக்கு மாறும்வரை பேருந்து நிற்கும். 1824 ஏப்ரலில் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின்போது இந்தத் தீவில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கொல்லப்பட்டார்கள். தீவின் மேட்டில் நினைவுக்கல் இருக்கிறது, குளிக்க வருபவர்களில் அதுவரை போகிறவர் சொற்பம்.

இரண்டில் ஒன்று என்றால் உங்கள் குடும்பத்துக்கு எலஃபோனிசி. ஆனால் இந்த இரண்டையும்விட என் ஓட்டு ஃபலஸார்னாவுக்கு. கிஸாமோஸுக்கு மேற்கே 15 கிலோமீட்டரை ஒட்டி, அகன்ற நீண்ட மணல்கரை, நேர் மேற்கே பார்த்திருப்பதால் சூரியன் கடலுக்குள்ளேயே விழும். பெரும்பாலானவர்கள் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கரையின் வடக்குக் கோடியிலிருந்து மண்பாதையில் சற்று நடந்தால் பண்டைய ஃபலஸார்னா நகரத்தின் துறைமுகம். அங்கே கடல் இல்லை! கப்பல்களைக் கயிற்றால் கட்டி நிறுத்திய சுவரும், அவற்றை உள்ளே வரவிட்ட கால்வாயும் காய்ந்த தரையில் நிற்கின்றன. கி.பி. 365 ஜூலையில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் தீவின் மேற்குக் கோடி ஒரே வீச்சில் மேலே எழுந்தது, இங்கே ஆறு மீட்டருக்கு மேல், தென்மேற்கில் ஒன்பது மீட்டர் வரை. அதே நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலைதான் அலெக்ஸாந்திரியாவை அடித்தது. இதைத் தெரிந்துகொண்டால் பாலோஸ் படகிலோ தென்கரைப் படகிலோ போகும்போது பாறைச் சுவரில் தலைக்கு மேலே ஓடும் ஒரு கருங்கோடு கண்ணில் படும். 365க்கு முன்னால் கடல் நின்ற மட்டம் அது.

ஃபலஸார்னாவில் அலை இருக்கும் நாளில் இழுப்பும் இருக்கும், சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள்.

அரைநாள் இடங்கள்

அம்மாவுக்கு ஏற்ற நாள் கூர்னாஸ் ஏரி. கிரீட்டில் இயற்கையான நன்னீர் ஏரி இது ஒன்றுதான், மலையடிவாரத்தில், ஆமைகளோடு. ரெதிம்னோ பேருந்தில் ஏறி ஜியோர்ஜியோபோலியில் இறங்கினால் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், டாக்ஸி எடுங்கள். மிதிபடகு வாடகைக்குக் கிடைக்கும். ஆமைக்கு ரொட்டி போடுகிறார்கள், அது ஆமைக்கு நல்லதல்ல.

அக்ரோதிரி தீபகற்பத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது, அரைநாள் டாக்ஸி பேசிக்கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டின் அகியா த்ரியாதா மடம், அங்கிருந்து வடக்கே கூவெர்னேதோ மடம். அதற்குக் கீழே கரடிக் குகை வழியாகப் படிகளில் இறங்கினால் கைவிடப்பட்ட கத்தோலிகோ மடமும் கல்பாலமும். மடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், மதியம் கதவு அடைப்பார்கள். இதே தீபகற்பத்தில் சைதான் லிமானியா என்ற மூன்று வளைவுக் குடாவின் படங்கள் இணையமெங்கும் திரிகின்றன. இறங்கும் சரிவு உதிரிக் கல், கையூன்றி இறங்க வேண்டும், கரை ஒரு திண்ணை அளவுதான். மேலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

மேற்கே அனோ வூவெஸ் கிராமத்தில் ஓர் ஆலிவ் மரம் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது, இன்னும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வெற்றி மாலைகளுக்கு அதன் கிளைகளும் போயின. கார் இருந்தால் போங்கள், இதற்காக மட்டும் பேருந்து தேடி அலைய வேண்டாம்.

சைவச் சாப்பாடு

கிரீட்டில் சைவர் பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் சோறு என்று பார்த்ததும் கை நீட்டாதீர்கள்: காமோபிலாஃபோ என்ற கல்யாணச் சோறு ஆட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றிலேயே வேகவைத்தது, தட்டில் கறித்துண்டு இல்லாவிட்டாலும் சைவமில்லை. தக்காளி, குடைமிளகாயில் சோறு அடைத்த கெமிஸ்டாவில் சில இடங்களில் கொத்துக்கறி இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: டாகோஸ் (பார்லி ரஸ்க் மேல் துருவிய தக்காளி, மிஸித்ரா சீஸ், ஆலிவ் எண்ணெய்), ஃபாவா என்ற பருப்பு மசியல், ஸ்டாம்னகாதி என்ற காட்டுக்கீரை. ஹன்யாவின் சொந்தப் பண்டம் பூரெகி, சுரைக்குடும்பத்துச் சுக்கினியும் உருளைக்கிழங்கும் மிஸித்ராவும் புதினாவும் அடுக்கிச் சுட்டது. லடெரா என்று பட்டியலில் இருந்தால் எண்ணெயில் வதங்கிய காய்கறி. "நிஸ்டீசிமோ" என்றால் விரத உணவு, இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் கணவாயும் இறாலும் அவர்கள் விரதத்துக்கு ஆகும், ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. காலையில் மிஸித்ரா வைத்த பூகாத்ஸா, மேலே சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவித் தருவார்கள். சாப்பாட்டு முடிவில் கேட்காமலே வரும் சின்னக் கண்ணாடிப் புட்டி தண்ணீரல்ல, திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சிகூதியா என்ற சாராயம். அம்மாவின் பக்கம் வைக்கவிடாதீர்கள்.

வரிசை

முதல் நாள் நகரம். இரண்டாம், மூன்றாம் நாளில் தெற்கே காற்று அமைதியாக இருக்கும் எதையாவது சமாரியாவுக்குக் கொடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால், மூடிவிட்டால் மாற்று நாள் இருக்காது. சமாரியாவுக்கு மறுநாள் கூர்னாஸ் அல்லது வெறும் நேயா ஹோரா, கால் வேறு எதற்கும் சம்மதிக்காது. மேற்குக் கரைக்கான நாளை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யாமல் வைத்திருங்கள், வடமேற்குக் காற்று இல்லாத நாளில் போங்கள். ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுக்க நினைத்தால் அந்த நாளுக்கு எடுங்கள்: ஃபலஸார்னாவும் வூவெஸும் ஒரே சுற்றில் முடியும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு என்பதால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகும் வண்டிகள் ஓரப்பட்டைக்குள் ஒதுங்கி வழிவிடும் வழக்கம் உண்டு, பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் அதைத்தான் எதிர்பார்க்கிறார். அவசர உதவிக்கு எங்கிருந்தும் 112.

திரும்பும் கப்பலும் காற்றுக்குக் கட்டுப்பட்டதுதான். 8 போஃபோர்ட்டைத் தொட்டால் பெரிய கப்பல்களுக்கே புறப்படத் தடை போடுவார்கள், தென்கரையின் சிறு படகுகள் அதற்கு வெகு முன்னரே நின்றுவிடும். ஆகவே சூடாவில் இரவு ஏறி, விடிந்ததும் பிரேயஸில் இறங்கி, அன்று காலையே ஏதென்ஸில் விமானம் பிடிப்பதாக டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு ஏதென்ஸில் வையுங்கள்.